ஒல்ஃபாவின் அம்மா தாமதமாக வருவாள்

திரிபோலி,
6 செப்டம்பர் 1979

அன்புத் தங்கை ஜலீலாவுக்கு,

ஸலாம். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். என் முதுகுவலி போய்விட்டது என்று அம்மாவிடம் சொல். போகவில்லை, ஆனாலும் சொல்.

உனக்குப் பாலர் பள்ளியில் வேலை கிடைத்த செய்தியை அறையில் சத்தமாக வாசித்தேன். கூடத் தங்கியிருக்கும் ஐந்து பேரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் சிரிப்பு. பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கச் சொன்னால் பூனைக்குட்டியைப் போலக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியவள் நீ. உன்னை நம்பி ஒரு வகுப்பையே கொடுத்திருக்கிறார்கள்!

இங்கே எல்லோரும் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுச் சுவருக்குப் பூச்சுப் பூச லிபியாவுக்கு வந்தவர்கள். அதனால் பள்ளியில் நடப்பதை ஒன்று விடாமல் எழுது. குழந்தைகள் எப்போது வருகின்றன, என்ன தின்கின்றன, யார் வந்து கூட்டிப் போகிறார்கள், எல்லாம். அறையில் ஒருவன் நம் காபெஸ்காரன். மனைவியைப் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மகளுக்கும் அந்த வயதுதான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதத்துக்கு என்னைவிட அவன்தான் காத்திருக்கிறான்.

அம்மாவின் கையை முத்தமிடுகிறேன்.

உன் அண்ணன்
முன்ஸிஃப்


காபெஸ்,
22 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

ஸலாம். அம்மா நலம். உன் முதுகுவலி போய்விட்டதாகச் சொன்னேன். கடிதத்தை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பொய் சொல்றான். எழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாரு" என்றாள்.

முதல் வாரம் முடிந்தது, உயிரோடு இருக்கிறேன். என் வகுப்பில் இருபத்தாறு பேர். திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஒன்று அழ ஆரம்பித்தது. எட்டே காலுக்கு இருபத்து நான்கு அழுதன. அழாதவன் ஒருவன், கமால், முதுகிலிருந்து பையைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். "கழட்டி வைடா கண்ணா" என்றேன். "நான் இங்க இருக்க வரல டீச்சர். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிறான். அழுதவர்களில் ஒருத்தி என் கன்னத்தைத் தடவி, "உங்களுக்கு அம்மா இல்லையா டீச்சர்? அழாம வீட்டுக்குப் போங்க" என்றாள். அப்போது நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். தலைமையாசிரியை துரய்யா மேடம் எட்டிப் பார்த்து, "முதல் மூணு வாரம் பாடமே கிடையாது. அழுகை நிக்கிறதுதான் பாடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழாத இன்னொருத்தி ஒல்ஃபா. அழவும் இல்லை, பேசவும் இல்லை. காலையிலிருந்து மதியம் வரை என் பாவாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். அம்மா மப்ரூகாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பன்னிரண்டுக்குப் பள்ளி விடும். அவள் ஓடி வந்து சேரப் பன்னிரண்டே கால் ஆகிவிடும். எல்லோரும் போன பிறகு அந்தப் பதினைந்து நிமிடம் கேட் பக்கத்தில் நானும் ஒல்ஃபாவும் மட்டும். காவல்காரர் சாலிஹ் மாமா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "அம்மா வந்துடுவாங்க" என்பேன். தலையை மட்டும் ஆட்டுவாள்.

அவளை ஒரு வார்த்தை பேச வைத்துவிட்டால் நான் டீச்சர் என்று நம்பிவிடுவேன்.

உன் அன்புத் தங்கை
ஜலீலா


திரிபோலி,
7 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். அம்மாவுக்கும் உனக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

உன் கடிதத்தை இங்கே நான்கு தடவை வாசித்தாயிற்று. கமாலின் பேச்சுக்கு அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பேசாத பெண்ணைப் பற்றிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. என் அறையில் இருப்பவன் ஒருவன் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உனக்கு ஒரு நீலச் சால்வை, அம்மாவுக்கு முதுகுக்குத் தடவும் தைலம். கொண்டு வருபவன் நல்லவன். நம் வீட்டு ஆள் மாதிரி நினைத்துக்கொள்.

உன் அண்ணன்
முன்ஸிஃப்


காபெஸ்,
13 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

ஸலாம். அம்மா நலம்.

பொட்டலம் கிடைத்தது.

அண்ணா, ஒல்ஃபாவைக் காணவில்லை. வியாழக்கிழமை பள்ளி விட்ட பிறகு, அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் நடந்திருக்கிறது. மப்ரூகா ஓடி வந்தாள். கையெல்லாம் சோப்பு நீர், துடைக்கக்கூட இல்லை. "எங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கழிப்பறை, மணல் தொட்டி, பின்னால் இருக்கும் பேரீச்சந்தோப்பு வரைக்கும் தேடினோம். அவள் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து குனிந்து பார்த்தாள், தொலைந்த காதணியைத் தேடுகிறவள் போல.

கேட்டில் அப்போது யாரும் இல்லையாம். சாலிஹ் மாமா எங்கோ போயிருந்தாராம். போலீஸ் அவரைக் கூட்டிப் போய் இரண்டு நாள் வைத்திருந்தது. இன்றுதான் விட்டார்கள். குழந்தையின் அப்பா அம்மார் என்பவர் லிபியாவில் வேலை செய்கிறாராம். அன்று மாலையே ஒரு ஆளும் சிறுமியும் வாடகைக் காரில் எல்லை தாண்டியதாகப் பதிவு இருக்கிறதாம். அவர் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரும் இருந்ததாம். போலீஸ்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனிமே நம்ம கையில இல்ல" என்றார்.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. நீ அனுப்பிய ஆளின் பெயர் என்ன? உடனே பதில் போடு.

ஜலீலா


காபெஸ்,
22 அக்டோபர்

அண்ணா,

ஸலாம். உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் வழியில் தொலைந்துவிட்டதா? உனக்கு உடம்பு சரியில்லையா?

சாலிஹ் மாமாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள். அவர் துரய்யா மேடத்திடம் சொன்னது ஒன்றுதான். "நானா போகலம்மா. சாக்பீஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க, போனேன்." யார் சொன்னது என்று மேடம் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தினமும் மாலை மப்ரூகா வீட்டுக்குப் போகிறேன். தேநீர் போட்டுக் கொடுக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன். "நீ ஒருத்திதான்டி என்னைப் பாக்க வர்றே" என்கிறாள்.

வகுப்பில் இப்போது இருபத்தைந்து பேர். யாரும் அழுவதில்லை. கமால் பையைக் கழற்றி வைத்துவிட்டான்.

பெயரைச் சொல், அண்ணா.

ஜலீலா


திரிபோலி,
27 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. வேலை அதிகம், அதனால்தான் தாமதம். காற்றில் இப்போதே குளிர் வந்துவிட்டது. அம்மாவைக் கம்பளி போட்டுக்கொள்ளச் சொல்.

பள்ளியில் நடந்ததைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. குழந்தை அப்பாவிடம்தானே இருக்கிறது. திரிபோலி பெரிய ஊர், யாரை எங்கே தேடுவது?

ஹஜ் பெருநாளுக்கு வர முடியாது. மேஸ்திரி லீவு தரவில்லை. சால்வை பிடித்திருந்ததா?

முன்ஸிஃப்


காபெஸ்,
4 நவம்பர்

முன்ஸிஃப் அண்ணா,

நான் உன்னைக் குழந்தையைத் தேடச் சொல்லவே இல்லை. பெயரைத்தான் கேட்டேன். அதற்கு மட்டும் நீ பதில் சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"கேட்டில் யாரும் இல்லையாம்" என்று உனக்கு எழுதினேன். பொய். நான் இருந்தேன்.

சாலிஹ் மாமாவைச் சாக்பீஸ் வாங்க அனுப்பியது நான். அவர் தெருமுனை திரும்பியதும் ஒரு ஆள் வந்தான். "ஜலீலா டீச்சரா? முன்ஸிஃப் குடுத்தனுப்பினான்" என்று பொட்டலத்தை நீட்டினான். மேலே உன் கையெழுத்து. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே பிரித்தேன், சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்தேன். உன் கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். நம் வீட்டு ஆள் மாதிரி என்று எழுதியிருந்தாய். அவன் ஒல்ஃபாவைப் பார்த்து, "இவ எங்க அண்ணன் மகதான் டீச்சர். அண்ணிக்கு இன்னிக்கு வர முடியலையாம், என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

ஒல்ஃபா என் பாவாடையை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "போம்மா, சித்தப்பாதானே" என்று சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பத்து விரலையும். பிரித்து அவன் கையில் கொடுத்தேன். அப்போதும் அவள் அழவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

பத்து நிமிடம் கழித்து மப்ரூகா வந்து "எங்க?" என்று கேட்டபோது, நான் சால்வையைச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கிழவரை ஊர் காறித் துப்புகிறது, நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு முதலில் சொல்கிறேன். இனி நீ சொல்.

ஜலீலா


திரிபோலி,
12 நவம்பர்

ஜலீலா,

உன் கடிதத்தை அறையில் வாசிக்கவில்லை. கட்டடத்தின் மேல் ஏறி, சாரத்தில் உட்கார்ந்து வாசித்தேன்.

அவன் பெயர் அம்மார்தான். போன வருஷம் இதே போன்ற சாரத்திலிருந்து நான் சரிந்தபோது சட்டையைப் பிடித்து இழுத்தவன். "ரெண்டு வருஷமா கதவைத் திறக்க மாட்டேங்கறா முன்ஸிஃப். ஒரே ஒரு தடவை என் புள்ளையப் பாத்துட்டு வந்துடறேன்" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதான். உன் கடிதத்தில் அவள் பெயரைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பதினைந்து நிமிடம் என்ற இடத்தைத்தான் மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொன்னான். நான் வாசித்தேன்.

பார்த்துவிட்டு வருவான் என்று நம்பினேன் என்று எழுதலாம். ஆனால் கிளம்புவதற்கு முன் அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அதில் புதிதாக ஒரு குழந்தைப் படம் ஒட்டியிருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. பொட்டலத்தைக் கட்டி உன் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

ஒல்ஃபா இங்கேதான் இருக்கிறாள். எங்கள் முற்றத்துக்கு எதிரே ஒரு அறை எடுத்திருக்கிறான். பகலில் வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்கிறாள். அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. பொம்மை வாங்கித் தந்திருக்கிறான். அவள் அதைத் தொடவில்லை.

வந்த நாளிலிருந்து ஒரு பேச்சு இல்லை. நேற்று எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு முற்றத்துக் கதவருகே போய் நின்றாள். தினமும் இப்படித்தான் என்றாள் வீட்டுக்காரம்மா. நான் கிட்டே போய், "என்ன பாப்பா பண்றே?" என்று கேட்டேன்.

"அம்மா லேட்டாத்தான் வருவாங்க" என்றாள்.

ஒரு மாதமாக அவள் காத்துக்கொண்டு நிற்கிறாள், ஜலீலா. தாமதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என்ன செய்யட்டும், சொல். செய்கிறேன்.

முன்ஸிஃப்


காபெஸ்,
20 நவம்பர்

அண்ணா,

ஞாயிறன்று துரய்யா மேடத்திடம் போய்ச் சொன்னேன். பிறகு போலீஸில். பிறகு மப்ரூகாவிடம். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், கடைசி வரை.

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அஞ்சு வாரமா என் வீட்ல வந்து எனக்கு டீ போட்டுக் குடுத்தியேடி" என்றாள். அடித்திருக்கலாம்.

பிறகு, "பேனா இருக்கா? நான் சொல்றேன், நீ எழுது" என்றாள். கீழே இருப்பது அவள் சொன்னது.

நான் மப்ரூகா. எழுதறது உன் தங்கச்சி. ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். இதை அம்மார்கிட்ட படிச்சுக் காட்டு. அவனுக்குப் படிச்சுக் காட்டறது நீதானே.

அம்மார், உன்னைத் திட்டணும்னுதான் உக்காந்தேன். திட்டு வரல. அவளுக்குப் பால் குடுத்தா ஆடையை எடுத்துட்டுக் குடு, இல்லாட்டி வாந்தி எடுப்பா. வலது காதுல சீழ் வரும், எண்ணெய் விடாதே, டாக்டர் வேணாம்னுட்டார். தலை வாரும்போது நுனியிலேர்ந்து வாரு. இதெல்லாம் உனக்குத் தெரியாது. தெரியாதது உன் தப்பு மட்டும் இல்ல. நீ ரெண்டு தடவை வந்தே, ரெண்டு தடவையும் நான் தாழ்ப்பாளை எடுக்கல. அப்பா எங்கம்மான்னு கேட்டா. செத்துட்டார்னு சொன்னேன். சொன்னது நான்தான். அதனாலதான் அவளுக்கு உன்னைத் தெரியல.

நீ யாருன்னு அவகிட்ட சொல்லிட்டியா? இல்ல, இன்னும் சித்தப்பாதானா?

அவளைக் கூட்டிட்டு வா. எல்லார் முன்னாடியும், இதுதான் உன் அப்பான்னு நானே சொல்றேன். ஊருக்கு வரும்போதெல்லாம் வந்து பாரு. கதவைத் திறப்பேன். போலீஸ்ல குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கறேன். அவ அங்க கதவுகிட்ட நிக்கறாளாமே. அந்த நேரத்துல நான் இங்க மூட்டை மூட்டையா ஆஸ்பத்திரித் துணி பிழியறேன். எனக்கும் லேட்டாகுதுன்னுதான் தோணுது.

அவ்வளவுதான் அவள் சொன்னது. என் கையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் ஒன்றும் விடவில்லை.

ஜலீலா


திரிபோலி,
2 டிசம்பர்

தங்கைக்கு,

வாசித்தேன். அம்மார் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். காது, சீழ் என்ற இடத்தில், "ஆமா, மூணு நாளா காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறா. நான் எண்ணெய்தான் விட்டேன்" என்றான். சித்தப்பா என்ற இடம் வந்ததும், "நிறுத்து. அதைத் திரும்பப் படி" என்றான். படித்தேன்.

"இன்னும் சொல்லல முன்ஸிஃப். அப்பான்னு சொன்னா பயந்துடுவாளோன்னு இருந்தேன். எதுக்குப் பயப்படப் போறான்னு எனக்கே தெரியல. இப்பத் தெரியுது" என்றான். சுவரில் தலையை மோதிக்கொண்டான். நாங்கள் நான்கு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளுடைய துணிகளைத் துவைத்துக் காயப்போட்டான். வியாழக்கிழமை காலை கிளம்புகிறார்கள். நானும் வருகிறேன் என்றேன். "நீ வேணாம். நீ எனக்குப் படிச்சுக் காட்டினது போதும்" என்றான்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டாயா? சொல்லாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

முன்ஸிஃப்


காபெஸ்,
21 டிசம்பர்

அண்ணா,

ஸலாம். அம்மாவுக்குச் சளி, மற்றபடி நலம். அவளிடம் நான் சொல்லவில்லை. நீ வந்து உன் வாயால் சொல்.

வந்து சேர்ந்தார்கள். மப்ரூகா சொன்னபடியே வாசலில் நின்று, "ஒல்ஃபா, இது உன் அப்பா. செத்துட்டார்னு அம்மா பொய் சொன்னேன்" என்றாள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐந்து வயதுக்குள் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். அம்மார் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். மப்ரூகா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தது நான்தான். அவள் என்னிடமிருந்து செம்பை வாங்கினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வேலை போய்விட்டது. துரய்யா மேடம் கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க நல்ல டீச்சர் ஜலீலா. ஆனா உங்களை நம்பி ஒரு கதவைத் திறந்து வைக்க முடியாது" என்றார். சாலிஹ் மாமா திரும்ப வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போனேன். "பதினாறு வருஷம் இந்தக் கேட்டுல நின்னேன். புள்ளை பிடிக்கிறவன்னு பேர் வாங்க ஒரு நாள் போதும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

ஒல்ஃபாவைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கேட்டைத் தாண்ட மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் மப்ரூகா வேலைக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்தாள். நான்காவது நாள் காலையில் நம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வா. வந்து அந்தக் கேட்டுல உக்காரு. அவளைத் தூக்கிக் குடுத்தவ நீ. நான் வர்ற வரைக்கும் யார் கையிலயும் குடுக்காம உக்காரு" என்றாள்.

"என்னை எப்படி நம்பறே?" என்று கேட்டேன்.

"நம்பல. இந்த ஊர்ல உன்னைவிடப் பயந்தவ யாரும் இல்ல. அதுக்குத்தான்."

அன்றிலிருந்து எட்டு மணிக்குப் போய் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காருகிறேன். மேடம் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார். பெற்றோர்கள் முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள். முதல் நாள் சாலிஹ் மாமா பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். எனக்கு இடம் விட்டாரா, என்னைவிட்டு விலகினாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. வகுப்பு ஜன்னலிலிருந்து ஒல்ஃபா எட்டிப் பார்ப்பாள். நான் இருக்கிறேனா, கேட் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். முதல் நாள் நாற்பது தடவைக்கு மேல் வந்தாள். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, எனக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொள்வாள். என் பாவாடையைத் தொடுவதில்லை. மப்ரூகா வந்ததும் இருவரும் போய்விடுவார்கள்.

இன்று காலையிலிருந்து ஒரு தடவைகூட அவள் ஜன்னலுக்கு வரவில்லை. பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது உள்ளேயிருந்து ஒரு சண்டைச் சத்தம். "அது என்னோட சிவப்பு! குடு! நான்தான் முதல்ல எடுத்தேன்!" என்று யாரோ ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாரு மாமா அது, இப்படிக் கத்தறது?" என்று கேட்டேன்.

சாலிஹ் மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒல்ஃபாதானேம்மா" என்றார்.

எனக்குத் தெரியவில்லை, அண்ணா. நான் அவள் பேசிக் கேட்டதே இல்லை.

ஜலீலா